இது யாரு காசு, தம்பி?

ரஞ்சன்குடிக் கோட்டைக்குக் கீழே, நெடுஞ்சாலையோரத்து டீக்கடையில் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தோம். 2025 மே மாதம், நல்ல வெயில். காலனியிலிருந்து ஓர் அக்கா வேகமாக வந்து, மகளுடைய செல்போனை எங்களிடம் நீட்டினார். "தம்பி, இது யாரு காசுன்னு பாருங்க. நேத்துலேருந்து ஒண்ணு மேல ஒண்ணா மெசேஜ் வருது. எடுத்துட்டா நாளைக்கு ஏதும் கேஸு வருமா?"

ஆறு குறுஞ்செய்திகள். ஒவ்வொன்றிலும் 1,740 ரூபாய். மொத்தம் 10,440. இவ்வளவு பணம் ஒரே நேரத்தில் அந்தக் கணக்கில் விழுந்ததே இல்லை. யாரோ தவறிப்போய் அனுப்பிவிட்டார்கள் என்றுதான் அக்கா முடிவு கட்டியிருந்தார். வேலை அட்டையை எடுத்துவரச் சொல்லிக் கணக்குப் பார்த்தோம். டிசம்பர், ஜனவரியில் ஏரி வேலைக்குப் போன ஆறு வாரம், வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு 290 ரூபாய். ஒரு பைசா கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. அவர் கையால் மண் வெட்டிய கூலி அது.

தன் கூலியையே யாருடைய பணமோ என்று பயந்து பார்க்கும் நிலைக்கு ஒரு மனுஷியைக் கொண்டுவந்தது எது?

2024 நவம்பர் கடைசியிலிருந்து தமிழ்நாட்டுக்கு நூறு நாள் வேலைக் கூலி வரவில்லை. 2025 ஜனவரியில் 1,056 கோடி பாக்கி என்று முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மார்ச்சில் அந்தப் பாக்கி 4,034 கோடியாக வளர்ந்திருந்தது. மார்ச் 29 அன்று மாநிலம் முழுக்க ஆளுங்கட்சியே ஆர்ப்பாட்டம் நடத்தியது. அதன் பிறகுதான், கோடையில், சுமார் 3,000 கோடியை ஒன்றிய அரசு விடுவித்தது. மாதக்கணக்கில் அடைத்து வைத்திருந்த மடையை ஒரே நாளில் திறந்தால் வாய்க்கால் என்ன ஆகும்? அந்த ஆறு குறுஞ்செய்திகள் அப்படி வந்தவைதான்.

அக்காவின் பயத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2020இல் பக்கத்து மாவட்டங்களில் நடந்ததை நம் மக்கள் மறக்கவில்லை. கொரோனா நிவாரணம் வாங்கித் தருகிறோம் என்று சொல்லி, தரகர்கள் ஆதாரையும் பாஸ்புக்கையும் வாங்கிப் போனார்கள். சென்ட் நிலம்கூட இல்லாத கூலிகளின் பெயர்கள் பிரதமரின் விவசாயி நிதித் திட்டத்தில் ஏறின. கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்ளிட்ட மாவட்டங்களில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட தகுதியற்ற பெயர்கள், 110 கோடி ரூபாய் என்று அரசே சொன்னது. சி.பி.சி.ஐ.டி. வந்தது. தரகர்கள் கைதானார்கள், அலுவலர்கள் பணிநீக்கம் ஆனார்கள். அதோடு நிற்கவில்லை. இரண்டாயிரமும் நாலாயிரமும் வாங்கி அரிசி பருப்பில் செலவழித்துவிட்ட வீடுகளிலிருந்தும் பணம் திரும்பப் பிடிக்கப்பட்டது. திட்டம் எது என்றே தெரியாமல் கையெழுத்துப் போட்டவர்கள் அவர்கள்.

ஆகவே கணக்கில் பெரிய தொகை விழுந்தால் பயப்படுவது மடமை இல்லை. ஆனால் பயத்தோடு நின்றுவிடவும் கூடாது. முதலில் வங்கியில் பாஸ்புக்கைப் பதிவு போட்டு, பணம் எந்தத் துறையிலிருந்து, எந்தத் தலைப்பில் வந்தது என்று கேளுங்கள். சொல்ல வேண்டியது வங்கியின் கடமை. நம்முடையதுதான் என்றால் ஒருவரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. நம்முடையது இல்லை என்றால் தொடக்கூடாது. தவறுதலாகப் பெற்ற பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 72ஆம் பிரிவு சொல்கிறது. 2021இல் பீகாரின் ககாரியா மாவட்டத்தில் ஒருவர் கணக்கில் வங்கி தவறிப்போய் ஐந்தரை லட்சம் போட்டுவிட்டது. வாக்குறுதி தந்த பதினைந்து லட்சத்தில் முதல் தவணையைப் பிரதமர் அனுப்பிவிட்டார் என்று நினைத்துச் செலவழித்தேன் என்றார் அவர். கேட்டவர்கள் சிரித்தார்கள், போலீஸ் சிரிக்கவில்லை. அவரைக் கைது செய்தது. திருப்பித் தருவதாக இருந்தால் வங்கிக்கு எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். "நான் கட்டிவிடுகிறேன், கையில கொடு" என்று வீட்டு வாசலுக்கு வரும் எவரிடமும் பத்துப் பைசா கொடுக்காதீர்கள்.

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளும் இதைக் கவனிக்க வேண்டும். 2021-22 முதல் எஸ்.சி. மாணவர் உதவித்தொகையில் ஒன்றிய அரசின் 60 விழுக்காட்டுப் பங்கு நேரே உங்கள் கணக்குக்கு வருகிறது. அதில் கல்லூரிக் கட்டணமும் சேர்ந்திருக்கும். வீட்டில் கூரை மாற்றவோ அண்ணன் கல்யாணத்துக்கோ அது போய்விட்டால், தேர்வு நேரத்தில் ஹால் டிக்கெட்டுக்கு அலைவது நீங்கள்தான். ஆவணம் முழுதாகக் கொடுக்காமல் தொடங்கிய சிறு கணக்காக இருந்தால் மாதம் 10,000க்கு மேல் எடுக்கவும் முடியாது. 50,000க்கு மேல் இருப்பு வைக்கவும் முடியாது. முதலாம் ஆண்டிலேயே அதை முழுக் கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள்.

சரி, பணம் அக்காவுடையதுதான் என்று தெரிந்துவிட்டது. அடுத்து என்ன செய்வது? அன்று டீக்கடையில் எங்களுக்குள்ளேயே வாக்குவாதம் வந்தது இதில்தான்.

கூலி வராத மாதங்களில் அந்த வீடு எப்படிச் சாப்பிட்டது? தோடு அடகுக் கடைக்குப் போனது. வாரக் குழுவில் தவணை நின்றது. இவை இரண்டும் எங்களுக்குத் தெரிந்த கதை. மூன்றாவது, வெங்காயக் காட்டுக்காரர் வீட்டில் வாங்கிய நாலாயிரம் ரூபாய் கைமாத்து. வட்டி இல்லை. "வட்டியே வாங்கல, தங்கமான மனுஷன்" என்று அக்காவே சொன்னார். அதனால் அதைக் கடைசியில் கட்டலாம், வட்டி ஓடுகிற கடனை முதலில் அடைக்கலாம் என்றார் எங்களில் ஒரு தோழர். கூட்டல் கழித்தல் கணக்கில் அவர் சொன்னது சரிதான்.

எங்களுக்கு அது ஒப்பவில்லை. அந்த வட்டியில்லாக் கடனுக்கு வட்டி எப்படிப் போனது என்று கேட்டுப் பார்த்தோம். சின்ன வெங்காயம் அறுக்க விடியற்காலம் ஆள் வந்து கூப்பிட்டால் மறுக்க முடியாது. வேறு காட்டில் கூலி கூடுதலாகக் கிடைத்தாலும் போக முடியாது. தாள் கிள்ளும் வேலைக்கு மற்றவர்களுக்குத் தரும் கூலியில் இவருக்கு ஐம்பது ரூபாய் குறைவு, "கணக்குல பாத்துக்கலாம்" என்ற சொல்லோடு. அந்தக் கணக்கு எந்த நோட்டிலும் இல்லை. முன்பணத்துக்காக விருப்பப்பட்ட இடத்தில் வேலை செய்யும் உரிமையை இழப்பதையும் 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் கொத்தடிமை என்றே வரையறுக்கிறது. செங்கல் சூளையில் மட்டும் நடப்பது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

நூறு நாள் வேலையின் அருமை இங்கேதான். நம் பெண்கள் ஆண்டை வீட்டு வாசலில் நிற்காமல் ஏரிக்கரையில் கூலி வாங்க முடிந்தது அதனால்தான். தில்லி கூலியை நாலு மாதம் நிறுத்தினால், பழைய வாசல் தானாகத் திறந்துகொள்கிறது. இதைத் தாமதம் என்று மட்டும் எழுதுவது நியாயமில்லை. 2021இல் இதே ஒன்றிய அரசு, கூலியை எஸ்.சி., எஸ்.டி., மற்றவர் என்று மூன்றாகப் பிரித்து அனுப்ப உத்தரவிட்டது நினைவிருக்கும். ஒரே ஏரியில் ஒரே நாள் மண் சுமந்தவர்களுக்குச் சாதிவாரியாகப் பணம் வந்தது, வெவ்வேறு நாளில். பக்கத்தில் நின்று வேலை செய்தவர்களுக்குள் மனக்கசப்பை வளர்த்த அந்த ஏற்பாட்டை, எதிர்ப்பு வந்தபின் அந்த ஆண்டின் கடைசியில் கைவிட்டார்கள்.

வருகைப் பதிவேடு முடிந்து 15 நாளுக்குள் கூலி தர வேண்டும். 16ஆம் நாளிலிருந்து தாமதமான ஒவ்வொரு நாளுக்கும் பாக்கித் தொகையில் 0.05 விழுக்காடு இழப்பீடு உண்டு. 1,740 ரூபாய்க்கு நாளொன்றுக்கு 87 பைசா. நூறு நாள் தாமதம் என்றால் 87 ரூபாய். ஆறு வாரத்துக்கும் சேர்த்தால் ஒரு மூட்டை அரிசிகூட வராது. ஆனாலும் கேட்க வேண்டும். தில்லியில் ஏற்படும் தாமதத்துக்கு ஒன்றிய அரசு பொறுப்பைத் தட்டிக்கழிக்க முடியாது என்று 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஸ்வராஜ் அபியான் வழக்கில் சொல்லியிருக்கிறது. அக்காவுக்கு வந்த ஆறு குறுஞ்செய்தியில் ஒன்றுகூட இழப்பீட்டுக்கானது இல்லை.

வந்த கூலி கைக்கு முழுதாக வருமா என்பது வேறு கவலை. 2024 ஆகஸ்டில் வயநாட்டு நிலச்சரிவில் வீடிழந்தவர்களுக்குக் கேரள அரசு கொடுத்த பத்தாயிரத்திலிருந்து கிராம வங்கி கடன் தவணையைப் பிடித்துக்கொண்டது. ஊரே கொதித்தெழுந்த பிறகுதான் திருப்பித் தந்தது. பிணம் தேடிக்கொண்டிருந்தவர்களிடமே அப்படியென்றால், ஏரி வேலைக்காரியிடம் கேட்டா பிடிப்பார்கள்? பிடித்திருந்தால் மேலாளரிடம் எழுதிக் கேளுங்கள். வாயால் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்.

மறுநாள் அக்கா பணம் எடுத்தார். நாங்கள் கூடப் போகவில்லை, மகள் போனாள். நாலாயிரத்தை எண்ணி வெங்காயக் காட்டுக்காரர் வீட்டில் கொடுத்தார்களாம். "என்ன அவசரம், இருக்கட்டுமே" என்று அவர் வாங்க மறுத்திருக்கிறார். திண்ணையில் வைத்துவிட்டு வந்துவிட்டார்கள். மூவாயிரத்தில் தோடு வட்டி கட்டியாயிற்று. மீதி, ஜூனில் கல்லூரி திறக்கும்போது மகளுக்கு என்று வைத்திருக்கிறார். அவர் அட்டையில் இன்னும் மூன்று வாரக் கூலி பாக்கி இருக்கிறது. அதைக் கேட்டு ஒன்றிய அலுவலகத்துக்கு எழுதிய மனுவில், இழப்பீட்டையும் கணக்குப் போட்டுச் சேர்த்து, பெண்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம்.