கூரையில் டிஷ் தேவையா?

அமெரிக்காவில் படுக்கை, சமையலறையுடன் கூடிய ஆர்.வி. வண்டியில் வருடத்திற்கு மூன்று நான்கு முறை மட்டும் முகாம் செல்பவர், அதன் கூரையில் தானியங்கி டிஷ் பொருத்துவது வீண் செலவு என்பேன். டிவி சாட்டிலைட்டுகள் பூமத்திய ரேகைக்கு மேலே, சுமார் 35,786 கி.மீ. உயரத்தில் உள்ளன. எனவே அங்கு டிஷ்ஷிற்குத் தெற்கு வானம் மறைவின்றித் தெரிய வேண்டும். இலை அடர்ந்த ஒரு கிளை குறுக்கிட்டாலே படம் போய்விடும். முகாமில் எல்லோரும் தேடுவதோ மர நிழல்! வண்டியை நிழலில் நிறுத்தி, முக்காலியில் நிற்கும் டிஷ்ஷை வெயிலில் வைத்து, கேபிளை இழுத்துக் கொள்ளலாம். திசை பிடிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். வாங்குமுன், வீட்டு ரிசீவரையே எடுத்துச் செல்லலாமா என்று டிவி நிறுவனத்திடம் கேட்டு விடுங்கள். செய்தி மட்டும் போதுமென்றால், நகரங்களுக்கு அருகில் சாதாரண ஆன்டெனாவிலேயே உள்ளூர் டிஜிட்டல் சேனல்கள் கட்டணமின்றித் தெரியும்.