மைதானம் யாருக்குச் சொந்தம்?

சேத்தூரில் நான் சிறுவனாக இருந்தபோது, கோடையில் கண்மாய் வற்றியதும் அதுவே எங்கள் கால்பந்து மைதானம். ஆசிரியர் மகனும், ராஜபாளையம் பஞ்சாலைக்கு வேலைக்குச் சென்றவரின் மகனும், கூலி விவசாயியின் மகனும் ஒரே அணியில் ஆடினோம். தெருவில் சேர்ந்து நடக்கத் தயங்கியவர்கள் திடலில் ஒருவர் பெயரை ஒருவர் உரக்கக் கூவி அழைத்தோம். ஆட்டம் முடிந்து தண்ணீர் குடிக்கும்போது மட்டும் பழைய கோடுகள் திரும்பி வந்துவிடும்.

சமத்துவத்தைக் கால்பந்து கொண்டுவந்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால், 'நாம்' என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்பதை மக்கள் தாங்களே பேசித் தீர்த்துக்கொள்ளும் இடங்களில் மைதானமும் ஒன்று. இதற்கு நம் நாட்டிலேயே வலுவான சான்று கொல்கத்தா.

1911 ஜூலை 29 அன்று மோகன் பகான் அணி, ஆங்கிலேயரின் கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவு அணியை 2-1 என்ற கணக்கில் வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலுடன் ஆடினர். ஆள்பவனை அவனுடைய ஆட்டத்திலேயே வெல்ல முடியும் என்பதை அன்று வங்கம் கண்டது. 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கல்கத்தா லீக் பட்டத்தை வென்ற முகமதன் ஸ்போர்ட்டிங், முஸ்லிம்களின் பெருமிதமானது. 1920-இல் தோன்றிய ஈஸ்ட் பெங்கால், தேசப் பிரிவினைக்குப் பின் கிழக்கிலிருந்து உடைமை இழந்து வந்தவர்களுக்கு, இழந்த ஊரின் பெயரைத் தாங்கி நின்றது. அந்த அகதிகள் காலி நிலங்களில் குடியேறி, பட்டா கேட்டுப் போராடினர். 1950-இல் உருவான ஐக்கிய மத்திய அகதிகள் மன்றத்தில் இடதுசாரிகள் முன்னின்றனர். பகலில் நில உரிமைப் போராட்டம், மாலையில் கால்பந்து என்பது அக்குடியிருப்புகளின் வாழ்க்கையாக இருந்தது.

இந்த வரலாற்றை அறிந்தால்தான் அண்மைக்கால நிகழ்வுகள் விளங்கும். குடியுரிமைத் திருத்தச் சட்டம் நிறைவேறிய அடுத்த மாதம், 2020 ஜனவரியில், மோகன் பகானுடனான ஆட்டத்தின்போது ஈஸ்ட் பெங்கால் ரசிகர்கள் மாபெரும் பதாகை ஒன்றை விரித்தனர். இந்த மண் எங்களுக்கு ரத்தத்தால் கிடைத்தது, காகிதத்தால் அல்ல என்பது அதன் பொருள். 2024 ஆகஸ்டில், கொல்கத்தா அரசு மருத்துவமனையில் இளம் பெண் மருத்துவர் கொல்லப்பட்டதையடுத்து, இவ்விரு அணிகளும் மோதவிருந்த டூரண்ட் கோப்பை ஆட்டம் ரத்துசெய்யப்பட்டது. ஆட்டம் நடக்கவேண்டிய 18-ஆம் தேதி, காலங்காலமாகப் பகைத்து நின்ற ரசிகர்கள் மழையில் ஒன்றாகத் திரண்டு நீதி கேட்டனர். முகமதன் ரசிகர்களும் சேர்ந்துகொண்டனர். தடியடியும் அவர்களைப் பிரிக்கவில்லை.

இங்கிலாந்தில் இதே கேள்வி வேறு வடிவில் எழுந்துள்ளது. 1966 உலகக் கோப்பையின்போது அந்நாட்டு ரசிகர்கள் அசைத்தது பெரும்பாலும் பிரிட்டனின் கொடியை. புனித ஜார்ஜின் செஞ்சிலுவைக் கொடி பரவலாகப் பறந்தது 1996 ஐரோப்பியக் கோப்பையில்தான். 2021 இறுதியாட்டத்தில் பெனால்டி வாய்ப்பைத் தவறவிட்ட மூன்று கறுப்பின வீரர்கள் நிறவெறி வசைக்கு ஆளாயினர். மான்செஸ்டரில் சிதைக்கப்பட்ட ராஷ்ஃபோர்டின் சுவரோவியத்தை அப்பகுதி மக்கள் அன்புக் குறிப்புகளால் மூடினர். 2025 கோடையில் குடியேற்ற எதிர்ப்பு சூடேறியபோது, அதே கொடி விளக்குக் கம்பங்களில் ஏறியது. ஒரே கொடி சிலருக்கு வரவேற்பு, சிலருக்கு எச்சரிக்கை.

அங்குள்ள இடதுசாரிகளுக்கு இது தீராத சங்கடம். கொடியைக் கையில் எடுத்தால் இனவாதத்துக்குத் துணைபோகிறோமோ என்ற அச்சம். விட்டுவிட்டால் உழைக்கும் மக்களிடமிருந்தே விலகிவிடுவோமோ என்ற கவலை. விளையாட்டு நாடுகளிடையே பகையைத்தான் வளர்க்கிறது என்று 1945-இலேயே எழுதினார் ஜார்ஜ் ஆர்வெல். அவர் கூற்றில் உண்மை உண்டு. கொல்கத்தா மைதானங்களில் மதப் பூசலும் ரசிகர் மோதலும் நிகழ்ந்ததை மறுப்பதற்கில்லை. ஆனால், அதற்காக மைதானத்தைக் காலிசெய்துவிட்டால் அங்கு பகையை விதைப்பவர்கள் மட்டுமே எஞ்சுவர்.

விலகாமல் நின்ற ஒரு சிறு முயற்சி, நம் தமிழர்கள் திரளாக வாழும் ஈஸ்ட்ஹாம் அடங்கிய நியூஹாம் பகுதியிலேயே இருக்கிறது. கிளாப்டன் சமுதாயக் கால்பந்துச் சங்கத்தை 2018-இல் ரசிகர்களே தொடங்கினர். ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு. ஸ்பானியக் குடியரசைக் காக்கச் சென்ற சர்வதேசப் படைகளின் நினைவாக அவர்கள் வடிவமைத்த சட்டைக்கு ஸ்பெயினிலிருந்தே ஆயிரக்கணக்கில் தேவை எழுந்தது. 2020-இல் தங்கள் பழைய மைதானத்தை அவர்களே விலைக்கு வாங்கினர். முழக்கத்தைவிட இந்தக் கடைசிச் செய்தியே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஏனெனில், அடையாளம் பற்றிய விவாதத்துக்கு அடியில் சொத்துரிமை பற்றிய கேள்வி ஒன்று இருக்கிறது. 1992-இல் பிரீமியர் லீக் தொடங்கியபின் ஒளிபரப்புப் பணம் குவிந்தது. நுழைவுச்சீட்டு விலை தொழிலாளியின் கைக்கு எட்டாமல் போனது. இங்கும், 2020-இல் பெருநிறுவன இணைப்பால் தங்கள் சங்கத்தின் பெயருக்கு முன் ஒட்டப்பட்ட மூன்றெழுத்தை நீக்கக் கோரி மோகன் பகான் ரசிகர்கள் மூன்று ஆண்டுகள் போராடி 2023-இல் வென்றனர். பெயரைத்தான் மீட்டனர், உரிமைப் பங்குகளை அல்ல. ரசிகனின் பற்று நிறுவனத்தின் வரவுக்கணக்கில் ஏறுகிறது. முடிவெடுக்கும் உரிமை மட்டும் அவனுக்கு இல்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். வடசென்னை வியாசர்பாடியில் உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளைக் கால்பந்து வழியாகக் கல்விக்குக் கொண்டுசேர்த்த முயற்சிகள் நமக்குப் பெருமை. ஊராட்சிகளுக்கு விளையாட்டு உபகரணங்கள் வழங்கும் அரசின் திட்டமும் வரவேற்கத்தக்கதே. ஆனால், பந்து கிடைத்தும் ஆட இடமில்லை என்றால் என் செய்வது? புறம்போக்குத் திடல்கள் கட்டடங்களுக்கும் ஆக்கிரமிப்புக்கும் இரையாகின்றன. மணிக்கணக்கில் வாடகை வாங்கும் செயற்கைப் புல்தரைகள் சிறு நகரங்களுக்கும் வந்துவிட்டன. காசு உள்ளவன் பிள்ளை அங்கே. இல்லாதவன் பிள்ளை கைப்பேசியில். இருவரும் சந்திக்கவே வழியில்லை.

கூலி உயர்வுக்கும் போனசுக்கும் எங்கள் பகுதியில் எத்தனையோ ஊர்வலங்களைக் கண்டிருக்கிறேன். ஒரு கோரிக்கைப் பட்டியலிலும் விளையாட்டுத் திடலைக் கண்டதாக நினைவில்லை. பொதுச்சொத்தைப் பற்றி முப்பது ஆண்டுகள் பாடம் நடத்திய நானும் கேட்டதில்லை. நாங்கள் ஆடிய கண்மாய்க் கரையில் இன்று சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது.

ஒவ்வோர் ஊரிலும் ஒரு திடலையாவது விளையாட்டுக்கென வருவாய்ப் பதிவேட்டில் குறித்து, வேறு பயன்பாட்டுக்கு மாற்றத் தடைவிதிக்க வேண்டும். அதன் பராமரிப்பைக் கிராம சபையும் பேரூராட்சிகளின் பகுதி சபையும் ஏற்க வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு அங்கே நேரம் ஒதுக்க வேண்டும்; குடிநீர்க் குழாய் ஒன்றும் வேண்டும், எல்லாரும் குடிப்பதற்கு. நாட்டுப்பற்றை வளர்க்க விரும்புவோரும் சமத்துவத்தை விரும்புவோரும் சேர்ந்தே முன்வைக்கக்கூடிய கோரிக்கை இது. அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் இதை மனுவாக எழுதிக் கொடுக்க இருக்கிறேன்.