சரிவிலே ஒரு மாட்டுக் கொட்டில்

ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து அன்பர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். ஏழு பேர்ச்சஸ் நிலமும் அதில் ஒரு புது வீடும் அவருக்குக் கிடைத்திருக்கின்றன. வீட்டின் பின்புறத்தில் இரண்டு பசுக்களுக்குக் கொட்டில் போட வேண்டும். கூரைக்குத் தகரம் நல்லதா, ஓடு நல்லதா என்று கேட்கிறார். கூரையைப் பற்றிப் பிறகு பார்ப்போம். அவர் கேளாமல் விட்ட வீட்டின் பின்னே நிற்கும் மண்மேட்டைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டியிருக்கிறது.

ஏழு பேர்ச்சஸ் என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடி. வீடு 550 சதுர அடி போக, மிஞ்சுவது கணக்கில் தாராளமாகவே தோன்றும். ஆனால் அதில் சமதளம் எவ்வளவு? மலையைப் படிபோல் வெட்டி வீட்டை உட்கார வைத்த இடத்தில் பின்னே மேடும் முன்னே பள்ளமுமே இருக்கும். ஆகவே மேட்டை இன்னும் ஐந்தடி குடைந்து, அந்த மண்ணைப் பள்ளத்தில் கொட்டி நிரவிவிட்டால் இடம் பிறந்துவிடும் என்று நினைக்கிறோம். பிறக்கும்தான். ஆனால் அடி அறுக்கப்பட்ட மேடு தாங்கலின்றி நிற்கும். கொட்டிய மண்ணோ இறுகிய மண்ணாகாது. அதில் நட்ட தூண் இரண்டு மழைக்காலத்துக்குள் இறங்கிவிடும்.

ஹல்துமுல்லை, ஹப்புத்தளை மலையின் தெற்குச் சரிவில் இருக்கிறது. ஆடி, ஆவணியில் வறண்ட காற்று வீசும் அந்தப் பகுதியில் ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும். மண்ணின் இடைவெளிகளில் நீர் நிறைய நிறைய, மண் தன் பிடிப்பை இழக்கிறது. கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் மலை சரிந்து லயங்களை மூடியதை மலைநாட்டில் மறந்தவர் யார்? அந்த இடமும் ஹல்துமுல்லைப் பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்ததே. அங்கே ஆபத்து உண்டென்று அதற்கு முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. ஒரு கொட்டிலுக்காக மலை சரியுமா என்று சிரிப்பவர்கள் உண்டு. மலை முழுவதும் சரிய வேண்டியதில்லை. பின்மேட்டில் பத்தடி விழுந்தாலே கொட்டிலும் அடுக்களையும் போய்விடும்.

ஆகவே, மண்வெட்டியை எடுக்குமுன் பிரதேச சபையில் விசாரியுங்கள். மண்சரிவு அபாயமுள்ள பகுதிகளில் கட்டடம் எழுப்பத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை வேண்டும். அந்தத் தாளை வீண் அலைச்சலென்று எண்ணற்க. மேட்டில் வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், புதிதாகக் கிளம்பிய கலங்கல் ஊற்று ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

இடம் சரியென்றால், இருக்கும் சமதளத்துக்குள்ளேயே கொட்டிலை அடக்கப் பாருங்கள். இரண்டு பசுக்களுக்கு, தீவனத்தொட்டியும் கழிவோடையும் சேர்த்து, நூறு சதுர அடி போதும். ஒவ்வொன்றுக்கும் அகலம் நான்கடி, நிற்க நீளம் ஐந்தரை அடி. தரையைச் சீமெந்தால் சொரசொரப்பாகப் போட்டு, பத்தடிக்கு மூன்று அங்குலம் சாய்வு கொடுங்கள். வழவழப்பான தரை கண்ணுக்கு அழகு, மாட்டின் காலுக்குப் பகை.

இனி, கான். கான் வெட்டுவதை நம் மக்களுக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. தேயிலை மலைகளில் தலைமுறை தலைமுறையாக வெட்டியவர்கள் அவர்களே. ஆயினும் துரையின் தேயிலைக்கு ஒழுங்காக வெட்டிய கை, சொந்த வீட்டுக்குப் பின்னே வெட்ட மறந்துவிடுகிறது! மேட்டின் மேல்விளிம்புக்கு அப்பால் ஒரு கான் வெட்டி, நீர் உள்ளே ஊறாதபடி சீமெந்து பூசி, இயற்கையான ஓடை வரை கொண்டுபோய் விடுங்கள். கூரைத் தண்ணீரையும் பீலி வைத்து அதே ஓடைக்கு அனுப்புங்கள். நாமும் ஒருமுறை பீலியில்லாமல் கொட்டில் போட்டோம். ஒரே கார்த்திகையில் தூணடி முழுவதும் அரித்துப்போய், மறுபடி செலவழித்தோம். வெட்டிய முகத்தில் வெட்டிவேர் நடலாம். அதன் வேர் ஆழமாக இறங்கி மண்ணைப் பிடிக்கும்.

கூரைக்குத் தகரமே போதும் என்பது நம் கருத்து. கனம் குறைவு, செலவும் குறைவு. ஆனால் ஹப்புத்தளைப் பக்கத்துக் காற்று தகரத்தைத் தூக்கும். ஆதலால் வளைவு ஆணிகளை நெருக்கமாக அடித்து, சட்டங்களைத் தூணோடு கம்பியால் கட்டுங்கள். காற்று வரும் பக்கத்தை அடைத்து, எதிர்ப்பக்கத்தைத் திறந்து வையுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு வேலை. நேரான பக்கமுள்ள டின் ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, தினமும் காலை ஒரே நேரத்தில் நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்து குறித்து வாருங்கள். ஒரு நாளில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாயிருக்க வேண்டும். 150 என்றால் வீட்டில் தங்கக் கூடாது. அன்று பசுக்களையும் அழைத்துச் செல்ல, கயிற்றை ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சாகப் போட்டு வைக்கும்படி அப்பாவிடம் சொல்லுங்கள்.

சாணக்குழியைப் பற்றி அன்பர் கேட்டிருப்பதற்கு அடுத்த ஞாயிறு எழுதுவோம்.