கல்லுக்குள் ஒரு திசைகாட்டி

காசிமேட்டிலிருந்து எண்ணூர் செல்லும் கடற்கரைச் சாலையில், அலைகளின் சீற்றத்தைத் தடுக்கக் கொட்டப்பட்டுள்ள பாறாங்கற்களை நாம் நாளும் காண்கிறோம். துறைமுகத்தை நாடிவரும் மாலுமிக்குத் திசைகாட்டும் காந்த ஊசியைப் போன்றதொன்று கற்களுக்குள்ளும் உறைந்து கிடக்கிறது என்றால் வியப்பாயிருக்கும். ஆயினும் அது உண்மையே.

எரிமலைக் குழம்பில் மேக்னடைட் என்னும் இரும்புத் தாதுவின் நுண்துகள்கள் உள. குழம்பு இறுகி, வெப்பம் ஏறத்தாழ 580 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது, அத்துகள்கள் அந்நாளைய புவிக்காந்தத்தின் திசையை ஏற்றுக்கொள்கின்றன. அத்திசை நிலநடுக்கோட்டருகே கிடையாகவும், துருவங்களை நெருங்க நெருங்கச் செங்குத்தாகவும் அமையும். எனவே கல்லிலுள்ள சரிவை அளந்தால், அது பிறந்த அகலாங்கு புலப்படும். மேலும், புவிக்காந்தம் பன்முறை வடக்கு தெற்காக மாறியுள்ளது. இறுதி மாற்றம் ஏறத்தாழ 7,80,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது. இம்மாற்றங்களின் வரிசை, கல்லின் வயதைக் கணிக்கத் துணைபுரிகிறது.

இலண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சார்ந்த கிளெக் முதலிய அறிஞர்கள் தக்காணத்து எரிமலைப் பாறைகளை இவ்வாறு ஆராய்ந்து, 1956-இல் முடிவுகளை வெளியிட்டனர். ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் உறைந்த அப்பாறைகள், பிறந்த காலத்தில் நிலநடுக்கோட்டுக்கு வெகு தெற்கே இருந்தன! நம் நாடே வடக்கு நோக்கி நகர்ந்து வந்திருக்கிறது. கண்டங்கள் நகர்கின்றன என்று 1912-இல் உரைத்த வெகனரைப் பலர் எள்ளி நகையாடினர். அவர் 1930-இல் மறைந்தார். கற்களின் சாட்சியமோ பின்னரே வந்தது.

இந்தியாவையும் மடகாஸ்கரையும் இணைத்து, இலெமூரியா என்ற மூழ்கிய கண்டத்தை 1864-இல் கற்பித்தார் ஸ்கிளேட்டர். நம்மவர் பலர் அதனையே குமரிக்கண்டம் எனக் கொண்டனர். நிலம் மூழ்கவில்லை, பிரிந்து நகர்ந்தது என்று தெளிந்தபின் அக்கற்பனைக்குத் தேவை இல்லாது போயிற்று. கடல் கரையை விழுங்குவதைத் திருவொற்றியூரில் நாம் கண்ணாரக் காண்கிறோம். அது வேறு, கண்டமே மூழ்கிற்று என்பது வேறு. தமிழின் தொன்மைக்கு இதனால் இழுக்கேதுமில்லை.

ஆய்வாளர் கல்லை வெட்டியெடுக்கும் முன்னரே வடதிசையையும் கிடைமட்டத்தையும் அதன்மேல் குறித்துக்கொள்வர். குறியாது பெயர்த்த கல், காந்தத்தை இழக்காவிடினும், எத்திசை நோக்கியிருந்தது எனச் சொல்லாது. நம் கடற்கரைக் கற்கள் அத்தகையனவே. ஊர்ப்பழமையும் அவ்வாறே அன்றோ? கடலரிப்பால் இடம்பெயர்ந்த குடும்பங்களில், பழைய குப்பம் எங்கிருந்தது என்றறிந்த முதியோர் குறைந்து வருகின்றனர். யார், எங்கே, எந்த ஆண்டு என்பவற்றை அவர்களிடம் கேட்டு இன்றே எழுதி வைப்போம். பெருமையை மட்டும் சொல்லி இடத்தையும் காலத்தையும் விட்டுவிட்டால், நம் பிள்ளைகள் கையில் இருப்பது திசையறியாக் கல்லே.