ஆயிரம் ரூபாயும் அரை உயிர்த் தூக்கமும்

“மாசம் ஆயிரம் ரூபாயில் என்ன வந்துவிடப் போகிறது?” என்று ஆண்கள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். அஞ்சறைப் பெட்டியில் சில்லறையை ஒளித்து வைத்துக் குடித்தனம் நடத்தும் நமக்குத்தானே தெரியும், நம் பேரில் விழும் பணத்தின் அருமை!

2023 செப்டம்பர் 15-ம் தேதி காஞ்சிபுரத்தில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கப்பட்டது. சுமார் 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்குக் கிடைத்தது. எங்கள் தெருவில் பூக்கட்டும் அக்காவும் அதில் ஒருத்தர். 2021 மே மாதமே டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றாகிவிட்டதால், மார்க்கெட்டுக்குப் போய்வர அவருக்குச் செலவில்லை. இந்தப் பணத்தில் தவணைக்கு ஒரு தையல் மெஷினும் வாங்கிவிட்டார். “இப்பல்லாம் படுத்தா தூக்கம் வருது, தங்கச்சி” என்கிறார்.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கோ, ‘விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது’ என்று போனில் செய்தி வந்தது. “நாலு வீட்டுல பாத்திரம் தேய்க்கிறேனே, அதனாலதான் இல்லேன்னுட்டாங்களா அக்கா? வேலையை விட்டுடட்டுமா?” என்று அழுதாள். ராத்திரி கண் மூடுவதில்லை. குழந்தைகள் மேல் எரிந்து எரிந்து விழுந்தாள்.

வேலைக்குப் போவது தடையே இல்லை. குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் அன்றைய விதி. இ-சேவை மையத்தில் விசாரித்ததில் விஷயம் புரிந்தது. ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவானால் தொகை கிடையாது. அவள் இருப்பதோ, மூன்று குடித்தனத்துக்கு ஒரே மீட்டர் உள்ள வீடு! 30 நாளைக்குள் மேல்முறையீடு செய்தாள். நேரில் வந்து பார்த்தார்கள். சில மாதம் கழித்துப் பணம் வந்தது.

பணம் இல்லாத கஷ்டத்தைக்கூடத் தாங்கிவிடலாம். காரணம் தெரியாமல் தவிப்பதுதான் மனசை அரிக்கிறது. ஆகவே சகோதரிகளே, எந்த உதவித்தொகை நின்றாலும் முதலில் காரணத்தைக் கேளுங்கள். விதிகள் அவ்வப்போது மாறும். அக்கம்பக்கத்துப் பேச்சை நம்பி, இருக்கிற வேலையை விட்டுவிடாதீர்கள். மனுக் கொடுத்தால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் இல்லையென்றால், ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் சொல்லுங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் காசில்லாமல் பேசலாம். காய்ச்சலுக்கு மருந்து கேட்க நாம் வெட்கப்படுகிறோமா என்ன?