இழப்பீட்டு ஆணையர் யார்? சட்டமன்றம் கேட்கட்டும்

2023 அக்டோபர் 7 அன்று, ஓசூரைத் தாண்டி எல்லைக்கு அப்பால் இருக்கும் அத்திப்பள்ளியில் ஒரு பட்டாசுக் கடை வெடித்து எரிந்தது. உடனடியாக 14 பேர் இறந்தனர். அடுத்த நாட்களில் எண்ணிக்கை கூடியது. பெரும்பாலோர் தீபாவளி விற்பனைக் கூலிக்காகத் தமிழ்நாட்டிலிருந்து போன இளைஞர்கள். தமிழ்நாடு அரசு 3 இலட்சம், கர்நாடக அரசு 5 இலட்சம் ரூபாய் அறிவித்தன.

அது நிவாரணம், அரசு மனமிரங்கித் தருவது. இழப்பீடு வேறு, அது உரிமை. அன்று நடப்பிலிருந்த 1923ஆம் ஆண்டுச் சட்டப்படி, மாதம் 15,000 ரூபாய் வாங்கிய 25 வயதுத் தொழிலாளி வேலையில் இறந்தால் முதலாளி தர வேண்டியது 16,26,825 ரூபாய். மகன் எல்லைக்கு அப்பால் செத்தாலும் தாய் தான் வசிக்கும் பகுதியின் ஆணையரிடமே மனுப் போடலாம். பணத்தையும் ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். பிணவறை வாசலில் ஒப்பந்தக்காரர் கையில் திணிப்பது சட்டத்தின் கணக்கில் இழப்பீடே அல்ல. யாரும் மனுப் போடாவிட்டாலும், சாவுச் செய்தி அறிந்த ஆணையர் முதலாளிக்கு நோட்டீஸ் அனுப்பலாம்.

அனுப்பாமலும் இருக்கலாம். ஆகவே அந்த நாற்காலியில் யார் இருக்கிறார் என்பது முக்கியம்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும், அவரை நியமிக்க மாநில அரசின் ஓர் அறிவிக்கை போதும். அரசு அதிகாரி என்றால் பணியாளர் மேலாண்மை, மனிதவளம், தொழில் உறவு, சட்டம் ஆகியவற்றில் அனுபவம் வேண்டுமாம். சேரியையும் மலைக் கிராமத்தையும் வடமாநிலத் தொழிலாளர் தங்கும் கொட்டகையையும் அறிந்தவரா என்று யாரும் கேட்பதில்லை. நியூயார்க் மாநிலத்தில் தொழிலாளர் இழப்பீட்டு வாரிய உறுப்பினரை ஆளுநர் நியமித்தாலும் செனட் அவையின் ஒப்புதல் வேண்டும். இங்கே பேரவைக்கு அந்தப் பெயர்கூடத் தெரியாது.

செனட் ஒப்புதல் மட்டுமே நீதியைக் கொண்டுவந்துவிடாது. ஆனால் கேள்வி கேட்கப்படும் அதிகாரி கோப்பைத் தூங்கவிட யோசிப்பார். எனவே, நியமனத்தைப் பேரவைக் குழு ஒன்று விசாரித்து ஒப்ப வேண்டும். எத்தனை சாவு, எத்தனை நோட்டீஸ், எவ்வளவு தொகை, பெற்றவர்களில் தலித்துகள், பழங்குடியினர், புலம்பெயர்ந்தோர் எத்தனை பேர் என்ற அறிக்கை ஆண்டுதோறும் பேரவையில் வைக்கப்பட வேண்டும்.

1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வகித்தவர் அம்பேத்கர். அவர் படத்துக்கு மாலை போடும் ஓசூர், கிருஷ்ணகிரி சட்டமன்ற உறுப்பினர்கள் அடுத்த கூட்டத்தொடரில் இந்த ஒரு கேள்வியையாவது எழுப்பட்டும்.