மரமல்லிப் பட்டையில் பேனா



தேவதானத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "கார்க்கில் பேனா கடைய முடியுமா? முடியும் என்றால், எங்கள் ஊர் மரமல்லிப் பட்டையில் முடியாதா?" இந்த மாதம் வந்த கடிதங்களில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது இதுதான்.

நம் பக்கத்தில் கைப்பேனா என்றாலே எபோனைட். ராஜமுந்திரி ரத்னம் பேனாவைப் பாராட்டி 1935-இல் காந்தியடிகளே கடிதம் எழுதினார். திருவள்ளூரில் ரங்கா பேனாக்காரர்கள் இன்றும் கையால் கடைகிறார்கள். ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கி இறுக வைத்தது எபோனைட். உளிக்கு அப்படியே படியும், மரையும் அதிலேயே போடலாம்.

கார்க் அப்படியில்லை. உள்ளெல்லாம் காற்று. அழுத்தினால் அமுங்கும், இழுத்தால் பிய்யும். அதனால் நடுவில் துளையிட்டு, உள்ளே பித்தளைக் குழாயை ஒட்டிய பிறகே லேத்தில் ஏற்ற வேண்டும். ஒட்டுமுன் குழாய்க்குக் கறுப்பு வண்ணம் அடித்துவிடுங்கள். இல்லையென்றால் கார்க்கின் பொத்தல்கள் வழியே பித்தளை பளிச்சென்று தெரியும். பிறகு ஃபெவிக்விக் போன்ற நீர்த்த பசையை ஊறவிட்டு இறுக்கி, நன்றாகத் தீட்டிய உளியால் மயிரிழை மயிரிழையாக எடுக்க வேண்டும். பள்ளம் விழுந்த இடத்தில் கார்க் தூளையே வைத்து, அதன் மேல் பசை விட்டால் போதும்.

பஞ்சாலைகள் நிறைந்த ராஜபாளையம் வட்டாரத்துக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பட்டறையில் கைக்கு எட்டும் வேஸ்ட் பஞ்சால் இந்தப் பசையைத் துடைத்துவிடாதீர்கள். பஞ்சில் பட்டால் சட்டென்று சூடேறிப் புகையும், கையைச் சுட்டுவிடும். காகிதத்தால் துடையுங்கள். ஜன்னலும் திறந்திருக்கட்டும், நெடி கண்ணைக் கரிக்கும்.

கண்ணாடி மாதிரி மினுமினுக்கும் வரை மெருகேற்றுவது பலருக்குப் பிடிக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை. விரலுக்கு இதமான அந்த மெத்துத்தன்மை போய்விட்டால் கார்க் எதற்கு? உப்புத்தாளை இறுதிவரை லேசான கையோடு ஓட்டி, பூச்சை மெல்லியதாக நிறுத்திக்கொள்ளலாம்.

கார்க்கும் ஒரு மரத்தின் பட்டைதான். போர்ச்சுகல் நாட்டில் கார்க் ஓக் மரம் ஏறக்குறைய 25 வயதானால்தான் முதல் பட்டை உரிப்பார்கள். அடுத்த உரிப்புக்கு 9 ஆண்டு காத்திருப்பார்கள். மரமல்லிப் பட்டையும் ஒரு காலத்தில் கார்க்குக்கு மாற்றாகப் பயன்பட்டதுதான், தரம் கொஞ்சம் குறைவு. ஆகவே தேவதானத்து நண்பரே, உங்கள் எண்ணம் வீணில்லை. நிற்கிற மரத்தில் மட்டும் கை வைக்க வேண்டாம். காற்றில் சாய்ந்ததோ வெட்டிப் போட்டதோ கிடைக்காமலா போகும்? பட்டையை வில்லை வில்லையாக நறுக்கி, குழாயில் கோத்து ஒட்டிக் கடைந்து பாருங்கள். தென்னந்தோப்புக்காரர்கள் சிரட்டைத் துண்டுகளையும் நடுநடுவே சேர்க்கலாம்.

அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான் கடைபவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி. சுழலும் மரத்தில் அரக்கை வைத்து, உராயும் சூட்டிலேயே உருக்கி ஏற்றுகிறீர்களே, பசையில் ஊறிய பட்டையில் அந்த அரக்கு பிடிக்குமா? செய்து பார்த்து எழுதுங்கள். அடுத்த இதழில் படத்தோடு வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்